‘தேஞ்சு போன’ முழங்காலுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி

முழங்கால் வலி என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் காலைக் காட்டுவதில்லை, எக்ஸ்ரேவைத்தான் காட்டுகிறார்கள். ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து அந்தப் பெரிய கவரை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாருங்க தம்பி, கேப்பே இல்ல, எலும்பும் எலும்பும் உரசுது, சுத்தமா தேஞ்சு போச்சு” என்று சொன்ன பிறகுதான் உட்காருவார்கள். உட்காரும் விதத்தைக் கவனிப்பேன். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, கடைசி அரை அடியில் தொப்பென்று விழுவார்கள். எக்ஸ்ரே சொல்வதைவிட அந்தத் ‘தொப்’ எனக்கு அதிகம் சொல்லும்.

நான் பிசியோதெரபிஸ்ட். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லாருக்கும் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பேன், படத்தோடு 10 பயிற்சிகள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாள் எக்ஸ்ரே கவருக்குள்ளேயே மடிப்புக் கலையாமல் இருக்கும். சோம்பேறித்தனம் என்று நினைத்து உள்ளுக்குள் எரிச்சல்பட்டிருக்கிறேன். என் அம்மாவுக்கே முழங்கால் வலி வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. காலை 5 மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிற மனுஷி, நான் சொன்ன பயிற்சியை மட்டும் தொடவே இல்லை. கேட்டதற்கு, “இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் நீட்டி மடக்கித் தேச்சுட்டா அப்புறம் என்ன கண்ணு பண்றது?” என்றார். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? மாசக் கடைசியில் டப்பாவில் மிச்சமிருக்கும் பருப்பை எண்ணி எண்ணிப் போடுவதுபோல, அம்மா தன் மூட்டைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

அதனால் இந்த வழிகாட்டியில் பயிற்சி பாதிதான். மீதிப் பாதி, பயிற்சி செய்ய விடாமல் மனசுக்குள் உட்கார்ந்திருக்கும் கணக்கைச் சரி செய்வது. அதை முடிக்காமல் யூடியூபைப் பார்த்துக் காலைத் தூக்க ஆரம்பித்தால் நாலாம் நாள் நின்றுவிடும், நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் வேலை: நினைப்பதை வெளியே எடுங்கள்

ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். என் முழங்காலுக்கு என்ன ஆகியிருக்கிறது? நான் நடந்தால், படி ஏறினால் அதற்கு என்ன ஆகும் என்று நினைக்கிறேன்? உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ வலி என்றால் இதே கேள்விகளை அவர்களிடம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, மருந்துக்கடைக்காரர் சொன்னது, டாக்டர் அவசரத்தில் ஒற்றை வரியில் சொன்னது எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. 2018-இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது), இடுப்பு, முழங்கால் வலிக்குப் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்பதோடு, வலி உள்ளவர்கள் பயிற்சியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி வலியையும் நடமாட்டத்தையும் கொஞ்சம் மேம்படுத்துகிறது, மனச்சோர்வையும் சற்றுக் குறைக்கிறது, ‘என்னால் முடியும்’ என்ற தைரியத்தைக் கூட்டுகிறது என்று வந்தது. கொஞ்சம் என்றுதான் சொன்னார்கள், அதிசயம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. வலி எதனால் வருகிறது என்று தெரியாமல், அசைத்தால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் விலகி நிற்கிறார்கள். பொதுவாக ஒரு தாளை நீட்டாமல், தன் உடம்புக்கு எது சரி என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என் ஜெராக்ஸ் தாள் ஏன் கவருக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

‘தேய்மானம்’ என்ற சொல்லை என்ன செய்வது

டயர் தேய்வது, செருப்பு தேய்வது, சோப்பு தேய்வது எல்லாம் நமக்குத் தெரியும். பயன்படுத்தினால் குறையும், குறைந்தது திரும்பாது. அதே சொல்லை மூட்டுக்கும் வைத்துவிட்டதால் அதே கணக்கை மூட்டுக்கும் போடுகிறோம். ஆனால் எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ஒரு குணம் உண்டு: அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதன் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் வர வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அழுத்தினால் அழுக்குத் தண்ணீர் வெளியேறி, விட்டால் புதுத் தண்ணீரை உறிஞ்சுமே, அதேபோல எடை விழும்போது அழுங்கி, எடை நீங்கும்போது உறிஞ்சித்தான் குருத்தெலும்பு பிழைக்கிறது. நடக்காத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. “எண்ணெய் வத்திப் போச்சு” என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான், அந்த எண்ணெய் போய்ச் சேர்வதே அசைவால்தான்.

நம்பிக்கை வரவில்லையா, ஓடுகிறவர்களைப் பாருங்கள். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருந்தது, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக ஓடுகிறவர்களுக்கு 13.3, அதையும் சொல்லிவிட வேண்டும், அளவு மீறினால் கதை வேறு. இதை வைத்து ஓடினால் தேய்மானமே வராது என்று சொல்ல முடியாதுதான், ஆனால் அளவான அசைவு மூட்டைத் தின்னும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டுமே.

அந்த எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் வயலில் நாற்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள், படம் சுமாராக இருந்தும் கட்டிலைவிட்டு இறங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். தொடைத் தசை வலு, தூக்கம், உடல் எடை, கவலை எல்லாம் வலியின் அளவை மாற்றும், இதில் எதுவும் எக்ஸ்ரேயில் விழாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானம் பற்றி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 45 வயதுக்கு மேல், வேலை செய்தால் வலிக்கிறது, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்றால் வழக்கமாகப் படம் எடுக்க வேண்டியதே இல்லை என்று இருக்கிறது. அதே வழிகாட்டுதல் எல்லா நோயாளிக்கும் முதலில் சொல்வது பயிற்சி. மூட்டுத் தேய்மானத்துக்கு என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை வேண்டாம் என்றும் சொல்கிறது, மாதா மாதம் அதற்கு அழுகிற காசை என்ன செய்யலாம் என்பது உங்கள் இஷ்டம்.

“வலிச்சா நிறுத்திடணும்ல?”

இதுதான் பெரிய முட்டுக்கட்டை. வலி வந்தாலே உள்ளே ஏதோ கிழிகிறது என்று தோன்றும், இயல்புதான். ஆனால் வலி என்பது ஒரு எச்சரிக்கை மணி, நாள்பட்ட வலியில் அந்த மணி கொஞ்சம் அவசரப்பட்டு அடிக்கும், பூனை குறுக்கே போனாலும் ஒலிக்கிற கார் அலாரம் மாதிரி. டென்மார்க்கில் 2013 முதல் நடக்கும் கிளாட் என்ற முழங்கால், இடுப்புப் பயிற்சித் திட்டத்தில் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் கவலையே வேண்டாம், 5 வரை போகலாம், 5-ஐத் தாண்டினால் அதிகம். அப்புறம் இன்னொன்று, கூடின வலி 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கிவிட்டால் நேற்றுச் செய்தது உங்களுக்குச் சரியான அளவு. இறங்கவில்லையா, பயிற்சியை விடாதீர்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

புதிதாக ஆரம்பித்தவர்களுக்குத் தொடைச் சதை 2, 3 நாள் கடுகடுவென்று இருக்கும். பல வருஷமாக வேலை செய்யாத தசை முனகுகிறது, அவ்வளவுதான், அதை மூட்டு வலிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘கடக் கடக்’ சத்தமும் அப்படியே. வலியோ வீக்கமோ இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அதைக் கேட்டுப் பயந்து நிற்க வேண்டியதில்லை.

வேறு நினைப்புகளை வேகமாகப் பார்த்துவிடலாம். “வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான்” என்பார்கள். அடுப்படியில் 3 மணி நேரம் நிற்பது உடம்பைக் களைப்பாக்கும், ஆனால் ஒரே இடத்தில் நிற்பதால் தொடையின் முன்தசைக்கு வலு கூடாது, வலு கூட அந்தத் தசை நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டும். “வயசாயிருச்சு, இனி எங்க தசை வளரும்” என்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு 8 வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி வரை செய்து முடித்த 9 பேருக்கும் தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு 62 வயதுதானே அக்கா, என்பேன்.

“துளை போட்டு உள்ளே கிளீன் பண்ணிட்டா சரியாயிடுமாமே” என்று கேட்பவர்களும் உண்டு. 2002-இல் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு உண்மையாகவே உள்ளே கழுவிச் சுரண்டினார்கள், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள், யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2 வருஷம் பார்த்தும் இரண்டு கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டு மாற்று ஆபரேஷன் வேறு விஷயம், தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் “எப்படியும் ஆபரேஷன்தான், எதுக்குப் பயிற்சி” என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளிலேயே என்னைப் போல ஒருத்தர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று இதே பயிற்சிகளைத்தான் செய்யச் சொல்வார்.

இனி பயிற்சி

நான்கு போதும். எனக்குப் பிடித்தது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, மற்ற மூன்றையும் மறந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும், அதனால் முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வலி அதிகம் என்றால் இருக்கையில் ஒரு தலையணையோ மடித்த ஜமக்காளமோ வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், உயரம் கூடினால் முழங்காலுக்கு வேலை குறையும். நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இடுப்பு அகலத்துக்கு விரித்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை உடம்பை முன்னே சாயுங்கள். பலர் இந்த இடத்தில்தான் தப்புச் செய்வார்கள், நேராக உட்கார்ந்தபடியே எழப் பார்த்து, முடியாமல் கையால் உந்துவார்கள். நன்றாகச் சாய்ந்தால் பின்பக்கம் தானாகவே தூக்கிக்கொள்ளும். “ஒன்று, இரண்டு” என்று வாய்விட்டு எண்ணி எழுந்து நில்லுங்கள், இறங்கும்போது நாலு வரை எண்ணுங்கள். இறங்குவதுதான் மருந்து. தொப்பென்று விழுந்தால் அந்த முறை கணக்கில் சேராது, இப்படித்தான் என் அம்மாவிடம் கறாராக இருந்தேன், “உங்க வாத்தியார்கூட இவ்வளவு கெடுபிடி பண்ணியிருக்க மாட்டாரு” என்பார். வாய்விட்டு எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு, எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது, பிரஷர் உள்ளவர்களுக்கு அது முக்கியம்.

5 முறை, கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு 5. இது சுலபமானதும் 10 ஆக்குங்கள், அப்புறம் தலையணையை எடுங்கள், அப்புறம் கையை நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள், அதுவும் சுலபமானால் 2 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். முதல் நாளே போனில் 30 விநாடி வைத்து, கையை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 14-க்குக் கீழ் வந்தால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கு. 3-தான் வந்தது என்றால் வருத்தப்பட வேண்டாம், மாதம் ஒருமுறை எண்ணுங்கள். எக்ஸ்ரே படம் மாறாது, இந்த எண் மாறும்.

மற்ற மூன்றும் சுருக்கமாக. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, குளிக்கும் துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே நசுக்குவதுபோல 5 எண்ணும்வரை அழுத்துங்கள். தொடைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சதை கல்லாக இறுகுவது தெரியும், தெரியவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை. காலுக்கு 10 முறை. அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றக் காலை நேராக ஒரு அடி உயரம் தூக்கி 5 எண்ணி இறக்குவது, இதுவும் 10. கடைசியாக, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. இதற்கு நேரம் பால் காயும்போது, பார்த்துக்கொண்டேதானே நிற்கப்போகிறீர்கள். துண்டு அழுத்துவதை சீரியலின் விளம்பர இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘காலை 6 மணிக்குப் பயிற்சி’ என்று தனி நேரம் ஒதுக்கியவர்களைவிட, இப்படி ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிந்துவைத்தவர்கள்தான் என்னிடம் நீடித்திருக்கிறார்கள்.

நடை. 5 நிமிடத்தில் ஆரம்பித்து, அந்த 24 மணி நேரக் கணக்கு ஒத்துவந்தால் வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டுங்கள். ஒரே மூச்சில் 30 நிமிடம் நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை, 10 நிமிடமாக மூன்று முறை பிரித்தாலும் சரிதான். வருஷம் முழுக்க நடக்காமல் இருந்துவிட்டு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி, ஒரு வாரம் படுத்துவிட்டு “பாத்தீங்களா, நடந்தா ஆகாதுன்னு சொன்னேன்ல” என்று வருகிறவர்களிடம் என்ன சொல்வது? நடை காரணமில்லை, 5 நிமிடத்திலிருந்து 14 கிலோமீட்டருக்குத் தாவியதுதான் காரணம். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், 4, 5 மாதம் முன்பே தயாராகுங்கள். வெளியே போகும்போது ஊன்றுகோல் தேவைப்பட்டால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், முக்கால்வாசிப் பேர் அதே பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள்.

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு: உடம்பில் 1 கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று ஆய்வு இருக்கிறது. 3 கிலோ குறைந்தாலே 12 கிலோ. அதற்குமேல் நான் உபதேசம் செய்யவில்லை, எடையைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் சொல்லி அவர்கள் நொந்துபோயிருப்பார்கள்.

6 முதல் 8 வாரம் ஆகும் வித்தியாசம் தெரிய. நடுவில் கல்யாண வீட்டில் நின்றோ பஸ்ஸில் தொங்கியோ ஒரு நாள் வலி எகிறும், நிச்சயம் எகிறும். அன்று நாற்காலிப் பயிற்சியை நிறுத்திவிட்டு, துண்டு அழுத்துவதையும் வீட்டுக்குள் நடப்பதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாளில் பாதி எண்ணிக்கையோடு திரும்புங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“நீ உட்காரும்மா, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று பாசத்தில்தான் சொல்கிறீர்கள். ஒரு நாளைக்கு 20 முறை சொன்னால் 20 முறை எழுந்து உட்காரும் வாய்ப்பைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள், கூடவே ‘உன் கால் ஒன்றுக்கும் ஆகாது’ என்றும் சொல்லாமல் சொல்கிறீர்கள். கனமான குடத்தை நீங்கள் தூக்குங்கள், தண்ணீர் டம்ளரை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவமனைவரை கூட்டிப்போக வழியில்லை என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் ஏற்பாடு உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இதெல்லாம் நாள்பட்ட, ஏறி இறங்கும் வலிக்கு. முழங்கால் திடீரென்று சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், மடக்கிய கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தால் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

எல்லாரும் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கீழ உட்காரலாமா தம்பி?” ஆயுசுக்கும் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வலி 5-ஐத் தாண்டும் நாட்களில் வேண்டாம். மற்ற நாட்களில் பக்கத்தில் ஒரு கனமான முக்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் இரண்டு கையையும் ஊன்றி, வலி அதிகமுள்ள முழங்காலைத் தலையணைமேல் வைத்து இறங்குங்கள். எழும்போது வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, முக்காலியை அழுத்தி எழுங்கள். முதலில் வாரத்துக்கு ஒருமுறை, வீட்டில் ஆள் இருக்கும்போது. என் அம்மா இப்படித்தான் 7 மாதம் கழித்து மறுபடி வாசலில் உட்கார்ந்து கோலத்துக்குக் காவி கட்டினார். முக்காலியிலும் ஒரு ஓரம் காவி பட்டிருக்கிறது.